பதினொரு பெண்கள், இரண்டு பெயர்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை. இந்நேரம் பல வீடுகளில் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். கையில் இருக்கும் வேலையை நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள்.

வரும் ஆகஸ்ட் 9 நம் தென்னாப்பிரிக்காவில் பெண்கள் நாள். அதை முன்னிட்டு, பொதுவாழ்வில் இந்தியப் பெண்களின் சாதனைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் எழுதிக்கொண்டு வந்த தாளில் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேரையும் சொல்லி முடிக்கத்தான் ஆசை. ஆனால் முதலில் என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனசில் இந்த விஷயம் முளைத்ததே அங்கேதான்.

நான் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரப் பாடம் எடுத்தவள். ஒரு வருடம் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். நம்முடைய ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த கதையைத் தொடங்கும் நேரம் அது. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். சரி, இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போனால் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுவார்கள் என்று, "கப்பலில் வந்த உங்கள் குடும்பத்து ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று, வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

மறுநாள் முப்பத்திரண்டு நோட்டுகள் மேசைக்கு வந்தன. ஆண் பெயர் ஏறக்குறைய எல்லா நோட்டிலும் இருந்தது. சில பிள்ளைகள் கப்பல் பெயர், தோட்டத்தின் பெயர், ஒப்பந்த எண் எல்லாம் எழுதியிருந்தார்கள். பெண் பெயர் இருந்தது ஐந்து நோட்டில். ஐந்தே ஐந்து. மீதி எல்லாவற்றிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது, அல்லது பாட்டியைக் கூப்பிடுகிற "ஆயா" என்று எழுதியிருந்தது. ஒரு பையன் "பெரிய ஆயா" என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தான். "இது பெயர் இல்லையேப்பா" என்றேன். "எங்கள் தாத்தாவைக் கேட்டேன் டீச்சர், அவங்க பேர் ஆயாதான் என்று சொன்னார்" என்றான்.

அந்தப் பையனை என்னால் திருத்த முடியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. என் அம்மாவின் ஆயா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மடியில் உட்கார்ந்து சோறு வாங்கித் தின்ற அந்தக் கிழவி, அவள் பெயர் எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் அவள் பெரிய ஆயாதான். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சரித்திரத்துக்கு வருகிறேன். 1913ஆம் ஆண்டு. அந்த வருடம் நம் பெண்கள் தெருவில் இறங்க இரண்டு காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் மூன்று பவுன் தலைவரி. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல், இங்கேயே சுதந்திரமாக இருக்க நினைக்கிறவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்று, டர்பன் இருக்கும் பகுதியான நேட்டாலின் அரசு 1895இல் சட்டம் போட்டது. ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயது தாண்டினால் வரி. பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று தாண்டினாலே வரி. ஒரு நிமிடம் என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடத்துச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி, ஐந்து ஷில்லிங். அரிசி பருப்பும் பாதிதான். இருபது ஷில்லிங் ஒரு பவுன். அப்படியானால் மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஆணுக்கு ஆறு மாதச் சம்பளம். பெண்ணுக்கு? பன்னிரண்டு மாதம், மாதம் ஐந்து ஷில்லிங். முழுசாக ஒரு வருடத்துச் சம்பளம். கரும்புக் காட்டில் ஒருத்தி ஒரு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்ததை அப்படியே எடுத்து அரசாங்கத்திடம் நீட்ட வேண்டும். கணவன், மனைவி, பதினாறு தாண்டிய மகன், பதின்மூன்று தாண்டிய மகள் உள்ள வீட்டில் வருடத்துக்குப் பன்னிரண்டு பவுன். வரி என்றதும் ஆண்களின் கவலை என்று நினைத்துவிடுகிறோம். இந்த வரி பெண்ணின் தலைமேல்தான் இரண்டு மடங்கு பாரமாக விழுந்தது. வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் கல்யாணம். 1913 மார்ச் 14ஆம் தேதி கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணம் சட்டப்படி செல்லாது என்று. அதாவது மஞ்சள் கயிறு கட்டி, அக்கினியைச் சுற்றி வந்த அத்தனை பெண்களும் ஒரே நாளில் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை இல்லை. பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, நாதஸ்வரம் வைத்துக் கல்யாணம் செய்து வைக்கிற நமக்கு, அந்தத் தீர்ப்பு ஒரு வீட்டுக்குள் எப்படி இறங்கியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில், டர்பன் பக்கத்தில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூர்பாவும் மற்றவர்களும் அனுமதியில்லாமல் மாகாண எல்லை தாண்டிச் சிறை சென்றார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே சமயத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். ஆறு பேர் கையில் பால் குடிக்கிற குழந்தை. சிறைக்குப் போவதற்காக முதலில் வெரீனிகிங் பக்கம் அனுமதியில்லாமல் எல்லை தாண்டினார்கள். போலீஸ் பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் சரக்கு விற்றார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. அப்புறம் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசிலுக்குப் போனார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள். நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வேலை செய்த இடம்.

அந்தப் பெண்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய், மூன்று பவுன் வரியைப் பற்றித் தமிழில் பேசினார்கள். இடுப்பில் குழந்தையோடு, வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டுப் பெண்களிடமும் ஆண்களிடமும் பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு சுரங்கத்திலிருந்து அடுத்த சுரங்கம் என்று பரவியது. பிறகு கடற்கரைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் பற்றிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய மிகப்பெரிய வேலைநிறுத்தத்துக்கு முதல் பொறியை வைத்தவர்கள் இந்தப் பதினொரு பெண்கள். நான் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளிப் புத்தகத்தில் இது ஒரு வரியில் ஓடிப்போகும்: முதல் பொறியை வைத்தவர்கள் பெண்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அவர்களைப் பிடித்தது. மூன்று மாதச் சிறை. மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் துணி துவைக்கிற வேலை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு.

அந்தப் பதினொரு பேர் யார்? காந்தி பின்னாளில் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். நான் வாசிக்கிறேன், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். திருமதி தம்பி நாயுடு. திருமதி என். பிள்ளை. திருமதி கே. முருகேச பிள்ளை. திருமதி ஏ. பெருமாள் நாயுடு. திருமதி பி. கே. நாயுடு. திருமதி கே. சின்னசாமி பிள்ளை. திருமதி என். எஸ். பிள்ளை. திருமதி ஆர். ஏ. முதலிங்கம். திருமதி பவானி தயாள். செல்வி மீனாட்சி பிள்ளை. செல்வி பைக்கம் முருகேச பிள்ளை.

கேட்டீர்களா? ஒன்பது பேருக்குப் புருஷன் பெயர்தான் இருக்கிறது. தம்பி நாயுடு ஆண், பெருமாள் நாயுடு ஆண், பவானி தயாளும் ஆண்தான். சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் இரண்டே பேர், மீனாட்சியும் பைக்கமும். அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் பெயர் தப்பித்தது. பைக்கம் என்பதுகூட ஆங்கில எழுத்தில் உருமாறி வந்தது. வீட்டில் பாக்கியம் என்று கூப்பிட்டிருப்பார்களோ என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

பட்டியல் எழுதியவர் கெட்ட எண்ணத்தில் அப்படி எழுதவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை. நம் வீடுகளிலும் அப்படித்தானே? கல்யாணப் பத்திரிகையில், கோயில் நன்கொடைப் பலகையில், சாவுச் செய்தியில், இன்னாருடைய மனைவி என்றுதானே போட்டோம்? ஆனால் எந்தக் கல்யாணத்தைச் சட்டம் செல்லாது என்று சொல்லியதோ, அந்தக் கல்யாணத்தின் மானத்துக்காகத் தெருவில் இறங்கிய பெண், அந்தக் கல்யாணத்துக்குள்ளேயே தன் பெயரைத் தொலைத்துவிட்டாளே என்பது எனக்கு ஆறாத வருத்தம். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள். இது நமக்குத் தெரியும், அந்தக் குடும்பம் அதைக் காப்பாற்றி வைத்தது. வீரம்மாள்! எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்.

நவம்பர் 6ஆம் தேதி, நேட்டாலின் சார்ல்ஸ்டவுனிலிருந்து, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலின் எல்லையை நோக்கிப் பெரிய நடைப்பயணம் கிளம்பியது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அந்த நடைப்பயணத்தின்போது இரண்டு தாய்மார்கள் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார்கள். ஒரு குழந்தை குளிரில் போயிற்று. இன்னொன்று, தாய் ஓடையைக் கடக்கும்போது கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போயிற்று. அந்தத் தாய்மார்கள் நின்றுவிடவில்லை, நடந்தார்கள். போன பிள்ளை அழுதால் திரும்பி வராது, இருக்கிறவர்களுக்காகத்தான் உழைக்க வேண்டும் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாளாம். அவள் சொன்ன வார்த்தை நூறு வருடம் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, பெயர் மட்டும் வரவில்லை.

நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு, வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் 1898 பிப்ரவரி 22ஆம் தேதி பிறந்தவள். அப்பா முனுசாமி முதலியார் அங்கே வியாபாரம் செய்தவர். அம்மா மங்களத்தின் ஊர் தரங்கம்பாடி பக்கத்தில் தில்லையாடி. அதனால்தான் தமிழ்நாட்டில் அவளைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறார்கள். வள்ளியம்மை தென்னாப்பிரிக்க மண்ணில் பிறந்த பெண், நம் ஊர்ப் பெண். அக்டோபர் கடைசியில் அம்மாவும் மகளும் சேர்ந்தே போராட்டத்துக்குக் கிளம்பினார்கள். மூன்று மாதக் கடுங்காவல், அதே மாரிட்ஸ்பர்க் ஜெயில். அங்கே காய்ச்சல் பிடித்தது. விடுதலையாகி வெளியே வந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. காந்தி போய்ப் பார்த்தார். உயரமான பெண், அதனால் மெலிந்துபோன உடம்பு பார்க்கவே பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22, அவள் பிறந்த அதே தேதியில் இறந்துபோனாள். பதினாறு வயது.

அந்த "உயரமான பெண்" என்ற சொல் எனக்கு மிகவும் முக்கியம். வள்ளியம்மை படத்தில் முகம் மட்டும்தான் தெரியும். அவள் உயரமானவள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அவள் ஒரு பிள்ளையாகத் தெரிந்தாள். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவாளே, எல்லோரையும்விடத் தலை ஒரு சாண் மேலே தெரியுமே, அப்படி ஒரு பெண்.

பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்கு நான் ஒரு முறை போனேன். வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். நம் நாட்டுப் பண்ணுக்கு முதல் வரிகளைத் தந்த இனோக் சொன்டொங்காவும் அதே இடத்தில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் தங்கை மகன் காரில் அழைத்துப் போனான். குளிர்காலம், புல் எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. 1914 ஜூலையில், இந்த நாட்டை விட்டுக் கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பு, வள்ளியம்மைக்கும், அவளுக்கு முன்பே இதே போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நாகப்பனுக்கும் காந்தி கல் திறந்து வைத்தார். பிறகு எத்தனையோ வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நிறவெறி ஆட்சி முடிந்து இங்கே சுதந்திரம் வந்த பிறகு, 1997இல்தான் திரும்பவும் சீர்செய்து மரியாதை செலுத்தினார்கள். நான் கொஞ்சம் மஞ்சள் குங்குமமும் ஒரு முழம் பூவும் கொண்டுபோயிருந்தேன். வைத்துவிட்டு நின்றேன். தங்கை மகன், "பெரியம்மா, இவங்க நமக்குச் சொந்தமா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னேன்.

அம்மா மங்களமும் சிறைக்குப் போனவள்தான். மகள் புகழில் அவளும் மறைந்துபோனாள். அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், மங்களம்.

நேரம் ஓடுகிறது. நேயர்களே, இந்தப் போராட்டத்தின் முடிவு உங்களுக்குத் தெரியும். 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது, நம் திருமணங்களுக்கும் சட்ட மரியாதை கொடுத்தது.

அடுத்து டாக்டர் குணம். இவரைப் பற்றிப் பேச எனக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். 1906இல் டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண். 1928இல், இருபத்திரண்டு வயதில், தனியாகக் கப்பல் ஏறி ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் போனார். மருத்துவம் படித்து 1936இல் திரும்பி வந்தார். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர். பெண்ணைத் தனியாகக் கடைத்தெருவுக்கு அனுப்பவே யோசித்த காலம் அது. அந்த வீட்டில் அனுப்பினார்களே, அந்தப் பெற்றோரையும் நான் கும்பிடுகிறேன்.

அவர் பெயரைக் கவனியுங்கள். குடும்பத்துப் பெயர் நாயுடு. ஆனால் ஊர் முழுக்க அவர் டாக்டர் குணம்தான். அப்பாவின் பெயரோ, குடும்பப் பெயரோ முன்னால் வரவில்லை. குணரத்தினம் என்ற தன் சொந்தப் பெயரின் பாதியை வைத்துக்கொண்டு பலகை மாட்டினார். பிரசவ வலியில் கிடந்தாலும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, சேலை கட்டி, தமிழில் பேசி, வீட்டுக்குள் வந்து நிற்கிற ஒரு டாக்டர் என்றால் எப்படி இருந்திருக்கும்!

அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதி 1991இல் வெளியிட்டபோது அதற்குக் கூலி டாக்டர் என்று பெயர் வைத்தார். கூலி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் வயதுக்காரர்கள் பஸ் ஸ்டாப்பில், தபால் ஆபீஸில் அந்தச் சொல்லை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நம்மை அடிக்க அவர்கள் எடுத்த கல் அது. ஆனால் அது நம் சொல். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் சம்பளம், அவ்வளவுதான். அதில் ஒரு கேவலமும் கிடையாது. நம் சொல்லை எடுத்து, நம் மேலேயே வீசினார்கள். டாக்டர் குணம் அதைப் பொறுக்கி எடுத்து, பக்கத்தில் டாக்டர் என்று சேர்த்து, புத்தகத்தின் நெற்றியில் ஒட்டினார்.

1946இல் நாம் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய சட்டம் வந்தது. கெட்டோ சட்டம் என்று நம் ஆட்கள் சொன்ன சட்டம். ஜூன் 13ஆம் தேதி டர்பனில் சாத்விக எதிர்ப்பு தொடங்கியது. அம்பிலோ ரோடும் கேல் தெருவும் சந்திக்கிற மூலையில் ஒரு காலி மனை. அங்கே கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இன்று அந்த வழியாக எத்தனை பேர் காரில் போகிறோம்! அடுத்த முறை அந்த மூலையில் சிவப்பு விளக்கு விழுந்தால் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களிலேயே டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள், மருத்துவ மாணவி ஜைனப் அஸ்வத் அவர்களில் ஒருவர். டாக்டர் குணம் மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். ஒரு முறையல்ல, திரும்பத் திரும்பப் போனார். மொத்தம் இரண்டாயிரம் பேர் வரைக்கும் கைதானார்கள், அதில் சில நூறு பேர் பெண்கள்.

இதே 1946இல், கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இன்னொரு இந்தியப் பெண் எழுந்து நின்றார். விஜயலட்சுமி பண்டிட். அப்போது இந்தியாவுக்குச் சுதந்திரம்கூட வரவில்லை. ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்த இந்தியக் குழுவுக்கு அவர் தலைவி. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நடத்தும் விதத்தைப் பற்றி உலகத்தின் முன்னால் வழக்கு வைத்தார். நம் நாட்டுப் பிரதமராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸ் நேரில் வந்து எதிர்த்தும், டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேறியது. இங்கே ஜெயிலில் நம் பெண்கள், அங்கே சபையில் அவர். நான் இந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்வேன். பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு பாடம் என்று படித்துவிடுகிறார்கள். 1953இல் அதே சபைக்கு அவர் தலைவராக வந்தார், முதல் பெண் தலைவர். அவருக்கு முன்பே, 1924இல், சரோஜினி நாயுடு இங்கே நேரில் வந்து ஊர் ஊராகப் பேசிவிட்டுப் போனார். மறு வருடம் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை ஏற்றார்.

வீரம்மாள் குடும்பத்துக்குத் திரும்பி வருகிறேன், அதை விட்டுவிட்டால் என் மனசு ஆறாது. வீரம்மாளின் மகனை மணந்தவர் மனோன்மணி. எல்லோரும் அம்மா நாயுடு என்பார்கள். 1956 ஆகஸ்ட் 9, பிரிட்டோரியாவில் அரசாங்கம் இருக்கும் யூனியன் கட்டடத்தை நோக்கி இருபதாயிரம் பெண்கள் நடந்தார்களே, அதில் அவரும் நடந்தார். அவர் மகள் சாந்தி. 1969இல் பிடித்துத் தனிச்சிறையில் போட்டார்கள். வின்னி மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல் என்றார்கள். நீதிமன்றத்தில் நிறுத்தியபோது சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி சிறைக்குப் போனார். மாமியார், மருமகள், பேத்தி. ஒரே வீடு. 1913, 1956, 1969. பாட்டி சிறைக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்த வீடு அது.

அந்த 1956 ஊர்வலத்தை முன்னால் நின்று நடத்திய நால்வரில் ஒருவர் ரஹீமா மூசா, இந்திய வம்சத்துப் பெண். பாஸ் புத்தகத்தை எதிர்த்துத்தான் அந்த ஊர்வலம். எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அந்த அனுமதிப் புத்தகம் ஆப்பிரிக்கப் பெண்கள் மேல் சுமத்தப்பட்டது, இந்தியப் பெண்கள் மேல் அல்ல. தனக்கு வராத துன்பத்துக்காக ரஹீமா நடந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் கொரோனேஷன் ஆஸ்பத்திரி என்று இருந்ததற்கு இன்று அவர் பெயர். தாயும் சேயும் போகிற ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் போகிற பெண்கள் தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு விரல் காட்டுகிறார்கள். நான்கு நிமிடம். தாளில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஃபாத்திமா மீர், டர்பன் பெண், சமூகவியல் பேராசிரியர், தடையுத்தரவுக்குள் வாழ்ந்து எழுதியவர், 2010இல் காலமானார். ஃபில்லிஸ் நாயுடு, எஸ்ட்கோர்ட்டில் பிறந்த வக்கீல், நாட்டை விட்டு லெசோத்தோவுக்குப் போனபோதும் பார்சலில் குண்டு அனுப்பினார்கள், பிழைத்துத் திரும்பி வந்து தோழர்களின் கதைகளையெல்லாம் எழுதி வைத்தார். இவர்களுக்கு இவ்வளவுதான் என்னால் இன்று தர முடிகிறது, மன்னியுங்கள்.

நவநீதம் பிள்ளை. நவி பிள்ளை என்று உலகம் சொல்கிறது, நாம் முழுப் பெயரைச் சொல்வோம். 1941இல் கிளேர்வுட்டில் பிறந்தார். அப்பா பஸ் டிரைவர். தமிழ்க் குடும்பம். அக்கம்பக்கத்து ஜனங்கள் காசு சேர்த்துக் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். 1967இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் ஆபீஸ் திறந்தார், வெள்ளையர் அல்லாத பெண்களில் அவர்தான் முதல். 1973இல் ரோபன் தீவில் அடைத்து வைத்த அரசியல் கைதிகளுக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை வாங்கித் தந்தார். 1995இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி. அப்புறம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றம். அங்கே 1998 செப்டம்பரில் வந்த அகாயேசு தீர்ப்பில், பெண்களைப் பலாத்காரம் செய்வதும் இனப்படுகொலையின் ஆயுதம்தான் என்று உலகத்தில் முதன்முறையாக ஒரு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கொடுத்த மூவரில் பெண் இவர் ஒருவரே. 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை உயர் ஆணையர். இதற்கு மட்டும் பத்து நிமிடம் வைத்திருந்தேன். வள்ளியம்மையிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு விரல் காட்டுகிறார்கள். முதலில் சொன்ன பெரிய ஆயா விஷயம்.

வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல்கள் அங்கே உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், எல்லாம் வரிசையாக இருக்கும். உங்கள் குடும்பத்து ஒப்பந்த எண் தெரிந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். நானும் போனேன். கொள்ளுத் தாத்தாவை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். பெரிய ஆயாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் கல்யாணம் இங்கே வந்த பிறகு நடந்தது. வேறு கப்பலில் சிறுபெண்ணாக வந்தவள், எண் யாரிடமும் இல்லை. அந்த வருடங்களின் பட்டியலில் பெண் பெயர்களை ஒவ்வொன்றாக விரலை வைத்து வாசித்தேன். அவற்றில் ஏதோ ஒன்று அவளுடையது.

அவள் இருந்தது மவுண்ட் எட்ஜ்கம்ப் தோட்டத்துப் பக்கம். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு துண்டு நிலத்தில் கீரை போட்டாள். நாம் ஹெர்ப்ஸ் என்கிறோமே, அந்தக் கீரைதான். அதிகாலைச் சந்தை 1934இல் வார்விக்கில் திறந்ததிலிருந்து, விடிவதற்கு முன்னால் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து விற்பாள். இடது கையில் பச்சை குத்தியிருக்கும், தேள் உருவம். குரல் கொஞ்சம் கரகரப்பு. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களில் யாராவது, உங்கள் அம்மாவோ ஆயாவோ, அவளிடம் கீரை வாங்கியிருக்கலாம், பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். தெரிந்தால் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், எனக்கு வந்து சேரும். தேள் பச்சை, இடது கை, கீரைக்கார ஆயா. வணக்கம்.